டெக்சாஸில் புது வீடு: இரண்டாம் வருடம் வரும் வரிக் கணக்கு

கலிபோர்னியாவிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ டெக்சாஸுக்குக் குடிபெயர நினைக்கும் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "அங்கே மாநில வருமான வரி கிடையாது" என்பதுதான். உண்மைதான். நாங்களும் அதைச் சொல்லிக்கொண்டுதான் 2022இல் கலிபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் வந்தோம். இருவர் சம்பளத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 9,000 டாலர் அளவில் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அது மிச்சமும் ஆனது.

2024 மாசியில் வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவரை மாதம் 2,557 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். இனிமேல் 4,240 டாலர் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. எங்களுடையது 30 வருட நிலையான வட்டிக் கடன், அதனால் வட்டி ஏற வழியில்லை. ஏறியது வீட்டு வரி. அன்று ராத்திரி நானும் என் மனைவியும் சாப்பிடாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதை எழுதுவது அந்தக் கடிதம் இன்னொரு வீட்டுக்கு இப்படி வந்து இறங்கக் கூடாது என்பதற்காகத்தான்.

வந்திறங்கியதும் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். வண்டியை 30 நாளுக்குள் டெக்சாஸில் பதிய வேண்டும், லைசென்ஸை 90 நாளுக்குள் மாற்ற வேண்டும். வீடு வாங்கினால் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரியே இருக்கும்படி மாற்றிவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இப்போது வரி. ஊரில் வீட்டு வரி என்றால் நமக்கு என்ன நினைப்பு? என் அப்பா ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நின்று கட்டிவிட்டு, ரசீதை மஞ்சள் பையில் பழைய ரசீதுகளோடு சேர்த்து வைப்பார். வீட்டுச் செலவில் அது ஒரு சின்னத் தொகை. கலிபோர்னியாவிலும் ஓரளவு நிம்மதி உண்டு. 1978இல் வந்த ப்ரொபோசிஷன் 13 சட்டப்படி, வாங்கிய விலைதான் வரிக்கு அடிப்படை, அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. டெக்சாஸில் இந்த இரண்டு பழக்கத்தையும் மறந்துவிட வேண்டும். வருமான வரி வாங்காத மாநிலத்தில் பள்ளிக்கூடம், சாலை, போலீஸ், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பெரும்பணம் வீட்டு வரியிலிருந்துதான் வருகிறது.

எங்களைச் சிக்கவைத்தது எது என்று விளக்குகிறேன். டெக்சாஸில் ஜனவரி 1ஆம் தேதி அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் அந்த வருட வரி. நாங்கள் வாங்கிய வீடு 2022 ஜனவரி 1 அன்று கட்டத் தொடங்கவே இல்லை. வெறும் மனை. ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். அந்த வருட வரி மனையின் மதிப்பான 80,000 டாலருக்கு மட்டும் வந்தது, சுமார் 2,240 டாலர். கடன் நிறுவனம் அதையே 12ஆல் வகுத்து, மாதம் 187 டாலர் எங்களிடம் வாங்கி எஸ்க்ரோ கணக்கில் போட்டு வைத்தது. எஸ்க்ரோ என்பது வரிக்கும் காப்பீட்டுக்கும் என்று நம்மிடம் மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம்.

2023 ஜனவரி 1 அன்று அங்கே முழு வீடு நின்றது. மதிப்பு 4 லட்சத்து 80 ஆயிரம். மொத்த வரி விகிதம் 2.8 சதவீதம். பின்னால் சொல்லப்போகும் விலக்கெல்லாம் போக 12,340 டாலர். எஸ்க்ரோவில் இருந்ததோ 2,240. மீதி 10,100 டாலரைக் கடன் நிறுவனம் தன் கையிலிருந்து கட்டிவிட்டு எங்களிடம் கேட்டது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தக் கடிதத்தில் இரண்டு ஏற்றம் சேர்ந்து வரும். ஒன்று, இனி எப்போதும் கட்ட வேண்டிய உண்மையான வரி, அதாவது மாதம் 187க்குப் பதில் 1,028. இன்னொன்று, போன வருடப் பற்றாக்குறையை 12 மாதத்தில் அடைக்க மாதம் 842. இரண்டும் சேர்ந்து மாதம் 1,683 டாலர் கூடியது. பற்றாக்குறையை ஒரே தடவையில் கட்டிவிடலாம், அது நம் விருப்பம். முதலாவதிலிருந்து தப்பவே முடியாது. தொலைபேசியில் பேசிய பெண், "புது வீடுகளுக்கு இது வழக்கமாக நடப்பதுதான்" என்றார். வழக்கமாக நடப்பது என்றால் கையெழுத்துக்கு முன்னால் ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை? வீட்டை விற்றவரும் மாதம் இவ்வளவுதான் என்று அழகான ஒரு தாளைக் கொடுத்தார். அந்தத் தாளிலும் 187தான் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து, 2.8 சதவீதம் எங்கிருந்து வந்தது? பள்ளி மாவட்டத்துக்கு 1.1, கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மற்ற சிறு அமைப்புகளுக்கும் 0.5 போக, மீதி 1.2 முழுக்க 'மட்' வரி. முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதை இங்கே சுருக்கி 'மட்' என்கிறார்கள். நகர எல்லைக்கு வெளியே, நேற்றுவரை நெல்வயலோ மாட்டுப் பண்ணையோ ஆக இருந்த இடத்தில் குடியிருப்பு போடும்போது, தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மழைநீர் வடிகால் எல்லாம் போட இந்த அமைப்பு கடன் பத்திரம் வெளியிடும். அந்தக் கடனை அங்கே குடிவருபவர்கள் வரியாகக் கட்டித் தீர்க்க வேண்டும். வீடுகள் பெருகப் பெருக, கடன் குறையக் குறைய விகிதமும் மெல்ல இறங்கும். புதுக் குடியிருப்பில் முதலில் போய் உட்காருபவர்தான் அதிகம் சுமக்கிறார்.

ஃபுல்ஷியர், சைப்ரஸ், கேட்டியின் வெளிவட்டம் என்று நம்மவர்கள் வீடு தேடும் புது இடங்களில் பெரும்பாலும் மட் உண்டு. விற்பவர் ஒப்பந்தத்துக்கு முன்பே மட் அறிவிப்புத் தாளைத் தர வேண்டும் என்பது சட்டம். அதில் விகிதமும் கடன் தொகையும் இருக்கும். எங்களுக்கும் தந்தார்கள், ஒரு கட்டுக் காகிதத்தின் நடுவில். படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். நீங்கள் படியுங்கள்.

அப்புறம், வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். கட்டி முடித்த வீட்டின் விலையை மட் உள்பட மொத்த விகிதத்தால் பெருக்கி, 12ஆல் வகுத்தால் அதுதான் விலக்கு கழிப்பதற்கு முன் உங்கள் மாத வரி. கடன் நிறுவனத்திடம் எஸ்க்ரோவை முழு வீட்டின் மதிப்புக்கே வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வித்தியாசத்தை மாதாமாதம் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். நாங்கள் மாதம் 841 டாலர் அப்படி ஒதுக்கியிருந்தால் அந்தக் கடிதம் எங்களை ஒன்றும் செய்திருக்காது. அந்தக் காசில் சோபா வாங்கினோம், ஊருக்கு டிக்கெட் எடுத்தோம்.

பழைய வீடு வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் பல குடியிருப்புகளை நகரமே தன் எல்லைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. நியூ டெரிட்டரியும் கிரேட்வுட்டும் 2017 கடைசியில் அப்படிச் சேர்ந்தவைதான். அங்கே விகிதம் கேட்டிக்கு வெளியே உள்ளதைவிட நன்றாகவே குறைவு. பழைய வீட்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்போது இருப்பவர் கட்டும் வரியைப் பார்த்து அதுவே நமக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் 65 வயது தாண்டியவராக இருந்தால் அவருடைய பள்ளி வரி ஏறாமல் நிறுத்தப்பட்டிருக்கும். பல வருடமாக இருப்பவர் என்றால், வரிக்கு எடுக்கும் மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற உச்சவரம்பு அவருடைய மதிப்பைக் கீழே பிடித்து வைத்திருக்கும். வீடு கைமாறினால் இரண்டும் போய்விடும். வரிக்காக வீடுகளை மதிப்பிடும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் முகவரியைப் போட்டுச் சந்தை மதிப்பு என்ன, வரிக்கு எடுத்த மதிப்பு என்ன என்று இரண்டையும் பாருங்கள்.

அந்த 10 சதவீத உச்சவரம்பு வேண்டுமென்றால் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் கிடைக்கும், வாடகைக்கு விட்டதற்குக் கிடையாது. பள்ளி வரி போடும்போது வீட்டு மதிப்பில் கழிக்கும் தொகை 2023இல் ஒரு லட்சம் டாலர் ஆனது, 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1 லட்சத்து 40 ஆயிரம் ஆனது. விண்ணப்பம் இலவசம். லைசென்ஸ் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், முதலில் சொன்னது இதற்காகத்தான். வீடு வாங்கிய கொஞ்ச நாளில் அரசு முத்திரை போலவே அச்சடித்த கடிதம் வரும், கட்டணம் அனுப்பினால் நாங்கள் பதிந்து தருகிறோம் என்று. குப்பையில் போடுங்கள். உச்சவரம்பு ஹோம்ஸ்டெட் கிடைத்ததற்கு அடுத்த வருடம்தான் தொடங்கும், அதனால் முதல் முழு வருட மதிப்பு எவ்வளவு என்பது ரொம்ப முக்கியம். மதிப்பு அதிகம் என்று பட்டால் மே 15க்குள், அல்லது அறிவிப்பு வந்த 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் போடுங்கள். நம் ஆட்கள் அரசாங்கத்தோடு ஏன் வம்பு என்று தயங்குகிறார்கள். இங்கே அது வம்பே இல்லை, எல்லோரும் செய்வது.

மின்சாரம் இன்னொரு பாடம். ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் கம்பெனியை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நகரமே கொடுக்கிறது, தேர்வு கிடையாது. ஊரில் ஈபி கணக்கு நமக்கு மனப்பாடம்: முதல் கொஞ்சம் யூனிட் இலவசம், கூடக் கூட விலை ஏறும். இங்கே சில திட்டங்கள் தலைகீழ். எங்கள் முதல் திட்டத்தில் 1,000 யூனிட் தொட்டால் 125 டாலர் தள்ளுபடி. விளம்பரத்தில் யூனிட் 9 சென்ட் என்று போட்டிருந்தார்கள். நவம்பரில் ஏசியை அணைத்துச் சிக்கனமாக இருந்தோம், 960 யூனிட் ஓடியது. 1,000 ஓடியிருந்தால் 90 டாலர் வந்திருக்கும். 40 யூனிட் மிச்சம் பிடித்ததற்கு 206 டாலர் வந்தது. சிக்கனத்துக்குத் தண்டம் என்பதை என் மனைவியால் இன்றும் ஏற்க முடியவில்லை, என்னாலும்தான். மாநில அரசின் பவர் டு சூஸ் தளத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் 500, 1,000, 2,000 யூனிட்டுக்கு விலை தனித்தனியாக இருக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் திட்டத்தை எடுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், தாண்டினால் விலை மாதாமாதம் மாறும் திட்டத்தில் தள்ளிவிடுவார்கள். ஆகஸ்டில் இரண்டு மாடி வீட்டுக்கு 2,000 யூனிட் சர்வ சாதாரணம். தண்ணீரும் அப்படித்தான். குடியிருப்புச் சங்கம் புல் பச்சையாக இருக்க வேண்டும் என்கிறது, கோடையில் அந்தப் புல்லுக்கு ஊற்றும் தண்ணீருக்கே தனியாகப் பட்ஜெட் வேண்டும்.

போன மாதம் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். பேர்லண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே புது வீடு ஒன்றைப் பார்த்து வந்தார்கள். விலை 4 லட்சத்து 50 ஆயிரம், விகிதம் 2.9. விற்பவர் கொடுத்த தாளில் வரிக்கு மாதம் 210 என்று இருந்தது. ராத்திரி இட்லி சாப்பிட்டு முடித்துவிட்டு இருவரும் கணக்குப் போட்டோம். விலக்கு போக மாதம் 959 வந்தது. அதே விலைக்கு சுகர் லேண்டில் ஒரு பழைய வீடு, விகிதம் சுமார் 2 சதவீதம், மாதம் 622. அறை ஒன்று குறைவு, சமையலறை பழசு. அவருடைய அம்மா பின்பக்கம் கறிவேப்பிலை வைக்க வெயில் விழுமா என்று மட்டும் கேட்டார். விழும். திங்கட்கிழமை அந்த வீட்டுக்கு விலை சொல்லியிருக்கிறார்.