இங்கிலீஷ் படிச்சா நிஜமா புரியுதான்னு வீட்டுலயே டெஸ்ட் பண்றது எப்படி?

வேர்ட் லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணிட்டு வொக்காபுலரி ஏறிடுச்சுன்னு நம்பாதீங்க, தனியா அர்த்தம் தெரியறது வேற, பத்தியில வரும்போது புரியறது வேற. முதல்ல ஒரு புக்ல 100 வார்த்தை எண்ணி தெரியாததை பென்சில்ல வட்டம் போடுங்க, ரெண்டு மூணுதான்னா அந்த புக் உங்களுக்கு சரி, பத்தைத் தாண்டினா இப்போதைக்கு ஈஸியானதுக்கு மாறுங்க.

அடுத்து க்ளோஸ் (cloze) டெஸ்ட், அதாவது பத்தியில அழிச்ச வார்த்தைகளைக் கண்டுபிடிச்சு நிரப்பறது, 1953ல வில்சன் டெய்லர்ங்கிற ஆய்வாளர் கொண்டு வந்தது, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுட்டு அப்புறம் ஒவ்வொரு ஏழாவது வார்த்தையையும் ஒயிட்னர் வச்சு அழிச்சுத் தரச் சொல்லி யார்கிட்டயாவது கேளுங்க, கோடிட்ட இடம் மாதிரி நிரப்புங்க. 'ஆன்', 'அட்' மாதிரி குட்டி வார்த்தையிலயே தப்பு வந்தா கிராமரைப் பாருங்க, பெயர்ச்சொல்லுல வந்தா விஷயமே பிடிபடலன்னு அர்த்தம். அதே வார்த்தைதான் வரணும்னு இல்ல, பொருந்தினா மார்க் போடலாம்.

வெளிநாட்டுல படிக்க, வேலைக்குப் போக எழுதற ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் எக்ஸாமுக்கு தயாராகறீங்கன்னா, அதோட ரீடிங் பகுதி 60 நிமிஷம், 40 கேள்வி. அதுல ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்னு பதில் போடற கேள்விதான் நிறைய பேரை கவுக்குது, கேள்வியில இருக்கற வாக்கியத்துக்கு எதிரா பத்தி சொன்னாத்தான் ஃபால்ஸ், பேசவே இல்லன்னா நாட் கிவன், உங்க பொது அறிவை தயவுசெஞ்சு உள்ள கொண்டு வராதீங்க. ட்ரூ, ஃபால்ஸ்னு போட்ட ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரமான வரியை அடிக்கோடு போடுங்க, டிக்‌ஷனரியை எல்லாம் முடிச்சப்புறம் தொடுங்க.