பெங்களூர்லேருந்து ஸ்ரீரங்கப்பட்டணம்: ஒரே நாள்ல எப்படிப் பாக்கலாம்

காலைல மெஜஸ்டிக் ரயில்வே ஸ்டேஷன்ல மைசூர் ட்ரெயின புடிங்க, எல்லா ட்ரெயினும் ஸ்ரீரங்கப்பட்டணத்துல நிக்காது, பாத்து ஏறுங்க. எறங்குனதும் கோட்டை, கோயில்னு ஓடாம ஆட்டோ பேசி நேரா ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போயிடுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள போட்ல உக்காந்தாதான் மஞ்சமூக்கு நாரை, நத்தை குத்தி நாரையெல்லாம் நல்லா பாக்கலாம், பாறை மேல முதலை வாயப் பொளந்துட்டு அசையாம கெடக்கும், பொம்மைன்னு நெனச்சு கைய வெளிய நீட்டாதீங்க.

அப்புறம் தரியா தௌலத், திப்பு 1784ல கட்டுன தேக்கு அரண்மனை. மேக்குப்பக்க சுவர்ல, ஹைதர் அலி, திப்பு படை வெள்ளைக்காரங்கள ஜெயிச்ச 1780 புள்ளலூர் சண்டை ஓவியம் இருக்கு (நம்ம காஞ்சிபுரம் பக்கம் நடந்ததுங்க!), அதுல பல்லக்குல உக்காந்திருக்கிற வெள்ளைக்கார கர்னல் பெய்லிய தேடிப் பாருங்க. எனக்கு கோட்டையவிட இதுதான் புடிக்கும்.

ரங்கநாதர் கோயில் மத்தியானம் சாத்திருவாங்க, சாயங்காலம் வச்சுக்கோங்க. ஆறுங்க ஒண்ணு சேர்ற சங்கமத்துல கால நனைங்க, போதும், குளிக்க எறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி.