கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? முதலில் பேஜ் ஃபைலைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் சின்னதாக ஒரு டி.டி.பி கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் கடையில் உள்ள விண்டோஸ் கணினி நினைத்த நேரத்துக்கு ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பாதி அடித்து வைத்த கல்யாணக் கார்டைக் காணோம், லாகின் திரை நிற்கிறது. "கரண்டு வந்து போச்சு மக்களே" என்றார் டீக்கடைப் பெரியவர். இடிமழை நேரம்தானே என்று நானும் நம்பி யு.பி.எஸ் மாற்றினேன், எஸ்.எம்.பி.எஸ்ஸும் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை) மாற்றினேன், நிற்கவில்லை. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். அதற்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் கணினியே என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நடந்ததை எல்லாம் விண்டோஸ் பதிந்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே கெர்னல்-பவர், எண் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதுதான் அதன் பொருள், காரணம் அதில் இல்லை. டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் என்ற எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் கரண்டு அல்லது சூடு, வேறு எண் என்றால் டிரைவரோ (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) ஹார்டுவேரோ என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எப்போதும் பூஜ்யம்தான் வந்தது, அதை நம்பித்தான் யு.பி.எஸ் வாங்கினேன்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் கிராஷ் ஆகி விழும்போது, அந்த நேரம் மெமரியில் என்ன இருந்தது என்ற விவரத்தை நேராக டம்ப் ஃபைலில் எழுதுவதில்லை. சி டிரைவில் இருக்கும் பேஜ் ஃபைலில் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) கொட்டி வைத்துவிட்டு, அடுத்த முறை பூட் ஆகும்போதுதான் அதை எடுத்து டம்ப் ஆக்குகிறது. என்னுடையது 120 ஜிபி எஸ்.எஸ்.டி, இடம் மிச்சமாகட்டும் என்று எப்போதோ பேஜ் ஃபைலை நிறுத்தி வைத்திருந்தேன். கொட்ட இடம் இல்லாததால் எது காரணமாக இருந்தாலும் பூஜ்யம்தான் பதிவாகும். அதே சிஸ்டம் லாக்கில் வால்மேனேஜர், எண் 46, கிராஷ் டம்ப் தொடங்க முடியவில்லை என்ற வரி ஒவ்வொரு பூட்டிலும் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி என்று போய் 'ஆட்டோமேட்டிக்' டிக்கைப் போடுங்கள். டி டிரைவுக்கு மட்டும் மாற்றி வைத்தால் போதாது, சி-யில் இருக்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரியில் ஸ்மால் மெமரி டம்ப் தேர்ந்தெடுங்கள். ஒரு கிராஷுக்குச் சின்ன ஃபைல்தான், முதல் துப்புக்கு அது தாராளம். அங்கேயே 'ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் கிராஷ் ஆகும்போது வரும் நீலத் திரை அப்படியே நிற்கும், மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, திறந்திருக்கும் வேலையை எல்லாம் சேவ் செய்து, மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் தரும் நாட்மைஃபால்ட் கருவியால் ஒருமுறை வேண்டுமென்றே கிராஷ் செய்து பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் ஃபோல்டரில் ஒரு ஃபைல் விழுந்திருந்தால் ஏற்பாடு சரி.

நான்காம் நாள் உண்மையான டம்ப் கிடைத்தது. 41-இல் இப்போது 159. கூகுளில் 159 என்று தேடாதீர்கள், ஈவென்ட் வியூவர் பத்தடிமானத்தில் காட்டுகிறது, நீலத் திரைக் குறிகள் பதினாறடிமானத்தில் இருக்கும். கால்குலேட்டரை புரோகிராமர் மோடுக்கு மாற்றினால் 159 என்பது 9எஃப், அதாவது கணினி தூங்கப் போகும்போதோ எழும்போதோ ஏதோ ஒரு டிரைவர் பதில் சொல்லவில்லை. டீ குடிக்கப் போகும் நேரத்திலேயே விழுந்ததற்குக் காரணம் அதுதான். இதே கணக்கில் 292 வந்தால் அது 124, ஹார்டுவேர் பிழை.

டம்பைப் படிக்கப் பலர் புளூஸ்கிரீன்வியூ சொல்வார்கள். வேகமானதுதான், ஆனால் பல நேரம் விண்டோஸின் உள்மையமான கெர்னலையே குற்றவாளியாகக் காட்டிவிடும். நான் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்ட்பேகைத்தான் சொல்வேன். டம்பைத் திறந்து, நீல எழுத்தில் வரும் அனலைஸ் இணைப்பை அழுத்தினால் போதும், முதல் முறை மட்டும் நெட்டிலிருந்து சிம்பல் (டம்பைப் படிக்க உதவும் ஃபைல்கள்) இறங்க நேரமாகும். என் டம்பில் இமேஜ் நேம் என்ற இடத்தில் வைஃபை டாங்கிளின் டிரைவர் பெயர் இருந்தது. டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை அழித்து, சிப் தயாரித்தவர்கள் தரும் புதியதைப் போட்டேன், கரண்டை மிச்சப்படுத்த டாங்கிளை அணைக்க விடும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கையும் எடுத்தேன். அதற்கப்புறம் ஒருமுறைகூட விழவில்லை, மதர்போர்டு அதேதான்.

பின்சேர்க்கை: பேஜ் ஃபைல் சரியாக இருந்தும் பூஜ்யமே வருகிறது என்று குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்படியானால் அந்தப் பூஜ்யத்தைப் பெரும்பாலும் நம்பலாம். அளவுக்கு மீறிச் சூடானால் புராசசர் தன்னையே அணைத்துவிடும், டம்ப் எழுத அவகாசம் இருக்காது. அதற்கு முன்கூட்டியே அளவுகளை எழுதிக்கொண்டே போக வேண்டும். புராசசருக்குள் இருக்கும் சூட்டுப் பதிவேட்டைச் சாதாரண புரோகிராம் தொட முடியாது, கெர்னலில் ஓடும் டிரைவர்தான் படிக்க முடியும், அதனால் இந்த வகைக் கருவிகள் அட்மின் அனுமதி கேட்கும். நான் வைத்திருப்பது எச்.டபிள்யூ.இன்ஃபோ. வின்ரிங்0 என்ற பழைய டிரைவரை நம்பியிருக்கும் கருவிகளை விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் 2025 மார்ச் முதல் தடுக்கிறது, பாதுகாப்பு ஓட்டை உள்ளது, எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோவை 'சென்சார்ஸ் ஒன்லி' டிக் போட்டுத் திறந்து, கீழே உள்ள லாகிங் பட்டனை அழுத்தினால் இரண்டு விநாடிக்கு ஒரு வரியாக சி.எஸ்.வி ஃபைலில் சேரும்.

தம்பி அனுப்பிய ஃபைலில் கடைசி வரிகளில் சூடு 70-லிருந்து 99 வரை ஏறி, அத்தோடு எழுத்து நின்றிருந்தது. ஃபேனைக் கழற்றினால் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு மேல் தூசி கம்பளித் துண்டு மாதிரி, உரித்தால் ஒரே ஏடாக வந்ததாம்.