வன்னியில் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மாற்றியமைப்பு: பலரும் விடும் பிழைகள்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை தாழ்ந்த காரும் சுகமாக ஓடும். வீதியை விட்டு உள்ளே இறங்கும்போதுதான் கரைச்சல் தொடங்கும். கிரவல் பரவிய குளக்கட்டுப் பாதை, மாரி வெள்ளம் அரித்துவிட்டுப் போன மதகோரம், படலைக்கு முன்னால் நிற்கும் மண்மேடு எல்லாம் காரின் வயிற்றைத் தேடி வரும். பொழுதுபோக்காகச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மாற்றியமைக்கிறவர்கள் இங்கே விடும் பிழைகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வேர்தான் இருக்கும். வழுவழுப்பான வீதிக்கும் குளிர்நாட்டுக்கும் செய்த அமைப்பை அப்படியே செம்மண்ணுக்கும் 35 பாகை வெயிலுக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு மஸ்டா ரோட்ஸ்டரின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1989 இல் வந்தது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5. முதலில் 1.6 லீற்றர் எஞ்சின், 1993 இலிருந்து 1.8. பின்சக்கர இழுவை, இரண்டு ஆசனம், துணிக்கூரை, எடை ஏறத்தாழ ஒரு தொன். கீழே வரும் அளவுகள் இந்தக் காருக்குரியவை. காரணங்கள் ஸ்டார்லெட், சுவிஃப்ட், சிவிக் எதற்கும் பொருந்தும்.

சுகமில்லாத எஞ்சினுக்குப் புதுச் சாமான்

காரை வாங்கிய கையோடு ரிம்மும் சைலன்சரும் வாங்குவதுதான் முதல் பிழை. முப்பது வயதை எட்டிய காரில் எது சுகம், எது சுகமில்லை என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்க வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேட்டரை முழுதாக மிதித்துக் கொம்பிறசன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தம், பாருங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட நிற்க வேண்டும். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அலங்காரத்துக்கு வைத்த காசு முதலில் அங்கேதான் போக வேண்டும்.

பழைய 1.6 எஞ்சினில் இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்னால், கிராங்க் தண்டின் நுனியில் பெல்ற் ஓடும் சக்கரத்தின் (கிராங்க் புலி) முகப்பில் எத்தனை வெட்டுகள் என்று எண்ணுங்கள். நாலு என்றால் 1991 நடுப்பகுதிக்கு முந்திய, மூக்குக் கட்டையான கிராங்க். எட்டு என்றால் பிறகு வந்த நீள மூக்கு. கட்டை மூக்கில் நடு போல்ற் சரியான இறுக்கத்தில் இல்லாவிட்டால் புலியைக் கிராங்கோடு பிடித்து வைக்கும் சின்ன உலோகத் துண்டு (சாவி) தன் பள்ளத்துக்குள் ஆடி ஆடி உலோகத்தையே தின்றுவிடும். வால்வுகள் திறந்து மூடும் நேரம் (டைமிங்) நகரும், இழுவை விழும், காரணம் லேசில் பிடிபடாது. டைமிங் பெல்ற் மாற்றும்போது இந்த போல்ற்றைக் கைக்கணக்கில் இறுக்குவது இந்த எஞ்சினுக்குச் செய்யும் பெரிய துரோகம். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனரும் பட்டறைப் புத்தகத்தின் அளவும் கட்டாயம். பெல்ற்றுக்கு 100,000 கிலோமீற்றர்தான் எல்லை. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இன்றைக்கே மாற்றுவதுதான் புத்தி.

எஞ்சின் ஹெட்டின் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே இருக்கும் கோணமானி சென்சரின் ஓ-ரிங் காய்ந்தால் ஒயில் கசிந்து, நேரே கீழே போகும் ஹீற்றர் ஹோஸ்களை ஊறவைத்துவிடும். ஒயிலில் ஊறிய ஹோஸ் விரலுக்கு மெதுமெதுவென்று இருக்கும். ஒருநாள் அது வெடிக்கும்போது தண்ணீர் முழுவதும் சில நிமிடங்களில் வீதியில் கொட்டும். ஓ-ரிங் சில்லறைக் காசு, தண்ணீரில்லாமல் சூடேறி எரியும் ஹெட் காஸ்கட் அப்படியில்லை.

வேலை செய்யும் இடமும் ஒரு விசயம். நம் முற்றங்கள் பெரும்பாலும் மணல் அல்லது செம்மண். ஜாக்கின் சின்னச் சக்கரமும் ஸ்டாண்டின் காலும் பாரம் ஏற ஏறப் புதையும், ஒரு பக்கம் சரியும். 18 மில்லிமீற்றர் பிளைவுட் பலகை, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் இரண்டடிக்கு இரண்டடி, அடியில் போடாமல் காரைத் தூக்கவே கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கல் முன்கூட்டிச் சொல்லாமல் பிளக்கும், கீழே கிடப்பது உங்கள் நெஞ்சு.

ஒரே நேரத்தில் முழுக் காரையும் கழற்றிப் போடுவதால் பாதியில் நின்றுபோன கார்கள் நிறைய. ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால் எந்த மாற்றம் எதைக் கெடுத்தது என்பது தெரியும். போல்ற்றுகளைப் பொலித்தீன் பைகளில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி வையுங்கள்.

தாழ்த்துவதும் ரிம்மும்

அதிகக் காசும் அதிகச் சேதமும் இந்த இடத்தில்தான். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இன்றும் நடக்கிறது. எட்டுச் சுற்று இயங்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மிச்ச ஏழு சுற்றும் சுமார் 14 சதவீதம் விறைக்கும். காஸ் கட்டரால் வெட்டினால் சூடுபட்ட இடத்தில் உருக்கின் பதமும் போய்விடும். சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது வெட்டிய நுனி இருக்கையை விட்டுக் கழன்று, திரும்ப ஏறும்போது பிசகி உட்காரும். இதற்கெல்லாம் மேலாக, ரோட்ஸ்டரின் சஸ்பென்சனுக்கு மேல்நோக்கிய ஓட்டமே குறைவு. தாழ்த்தத் தாழ்த்த, சொக் அப்சோபர் கம்பியில் கோத்திருக்கும் றப்பர்க் கட்டிமேலேயே கார் உட்கார்ந்து ஓடும். "விறைப்பாக இருக்கிறது, ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி" என்று பலர் மெச்சுவது அந்த றப்பர் அடிபடுவதைத்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தூசி உறையை மேலே தள்ளி, சொக்கின் மினுங்கும் கம்பியில் மெல்லிய கேபிள் டை ஒன்றைச் சிலிண்டரோடு ஒட்டக் கட்டிவிடுங்கள். உங்கள் வழக்கமான பாதையில், உங்கள் வழக்கமான வேகத்தில், பக்கத்தில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள். அமுங்கிய தூரத்துக்கு டை கம்பியில் ஏறி நிற்கும். அதற்கும் றப்பருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு மதகிலும் றப்பரில் போய் முட்டியிருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள். எங்கள் வீதிகளுக்கு 25 மில்லிமீற்றருக்கு மேல் தாழ்த்த நாங்கள் சொல்ல மாட்டோம். அளவைச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை, நாலு பக்கமும், கழற்றுவதற்கு முன்பே எடுத்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் ரயர் காற்றும் தரையின் சரிவும் கணக்கைக் கெடுக்கும்.

சொக் மாற்றும்போது பாஸ்மாரும் விடும் பிழை ஒன்று: காரைத் தூக்கி வைத்தபடியே, சக்கரம் தொங்கும் நிலையில், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோவர் ஆர்ம்) போல்ற்றுகளை முழுதாக இறுக்கிவிடுவது. அந்த மூட்டில் இருக்கும் புஷ்ஷின் றப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். கார் தரையில் இறங்கியதும் அது எந்நேரமும் முறுகிய நிலையில் இருந்து, சில மாதங்களில் கிழியும். போல்ற்றை முதலில் மட்டாக இறுக்கி, சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்துக் காரை அதன் சொந்தப் பாரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு மூன்று தரம் அமுக்கிவிட்டு, அதன் பிறகே முழு இறுக்கம். உயரம் மாறினால் சக்கரங்கள் நிற்கும் கோணமும் (அலைன்மென்ற்) மாறும். அதைச் சரிசெய்யும் போல்ற்றுகள் துருவேறி இறுகியிருந்தால் அலைன்மென்ற்றுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் ஒயில் விட்டு ஊறவையுங்கள். முறிந்துபோனால் புதுப் போல்ற் கொழும்பிலிருந்து வரும் வரை கார் அங்கேயே கிடக்கும்.

ரிம்முக்கு வருவோம். கம்பனி ரிம் 14 அங்குலம், 5.5 அகலம், ஓப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அது பூட்டும் முகம் வரையுள்ள தூரம்) 45, நாலு துளை 100 மில்லிமீற்றர் வட்டம், நடுத்துளை 54.1. கம்பனி ரயர் 185/60 ஆர் 14, அதாவது அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். அதன் மொத்த உயரம் 578 மில்லிமீற்றர், பக்கச் சுவர் 111. 195/50 ஆர் 15 போட்டால் உயரம் 576, பக்கச் சுவர் 97. இதோடு நிறுத்துங்கள். 16 அங்குலத்தில் 205/45 போட்டால் உயரம் 591 ஆகும், வேகமானி இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும், பக்கச் சுவர் 92 ஆகத் தேயும். கிரவல் பாதையில் ரிம்மைக் காப்பது அந்தப் பக்கச் சுவர்தான். உள்ளே தள்ளி வீடு இருக்கிறவர்களுக்கு 14 அங்குலமே நல்லது. ஆட்கள் பார்த்து மெச்சுவது குறையலாம், ரிம் வளையாது.

ஓப்செட்டைக் கவனிக்காமல் வாங்குவது இன்னொரு செலவு. 7 அங்குல அகலமும் ஓப்செட் 25 உம் உள்ள ரிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தால் 19 மில்லிமீற்றர், ஓப்செட்டால் 20, ஆகமொத்தம் 39 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். மட்காட் விளிம்பு ரயரை வெட்டும், முன்சக்கரம் அள்ளும் கிரவல் கதவின் பெயின்ற்றைத் தின்னும், பெயாரிங்கும் வேளைக்கே சத்தம் போடும். அதே அகலத்தில் ஓப்செட் 35 என்றால் 29 மில்லிமீற்றரோடு முடியும். ரிம்மின் நடுத்துளை 54.1 ஐ விடப் பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் இடைவளையம் போடாமல் பூட்ட வேண்டாம். 80 ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும், பலன்ஸ் பார்த்துப் பார்த்துக் காசு போகும். நட் 12 மில்லிமீற்றர், 1.5 புரி. இறுக்கம் 90 முதல் 118 நியூட்டன் மீற்றர்.

சூடும் தூசியும்

எஞ்சின் சூடேறினால், தண்ணீரோட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிவது இங்கே பழகிப்போன வைத்தியம். அதனால் நோய் தீராது. காலையில் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், கணினி பெற்றோலைக் கூட்டி ஊற்றும், ஒயில் கெடும். மத்தியானம் அடைபட்ட ரேடியேற்றர் அடைபட்டபடியேதான் இருக்கும்.

உண்மையான காரணத்தைக் காரின் அடியில் தேடுங்கள். முன்பம்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் அடித்தட்டு பழைய ரோட்ஸ்டர்கள் பலவற்றில் இல்லை. எங்கோ மண்மேட்டில் முட்டி உடைந்திருக்கும், அல்லது ஒயில் மாற்றும்போது கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். பம்பரின் வாயால் நுழையும் காற்றை ரேடியேற்றருக்குள் தள்ளுவது அந்தத் தட்டுத்தான். அது இல்லாவிட்டால் காற்று எளிய வழியைப் பிடித்துக் கீழால் போய்விடும். கம்பனித் தட்டுக் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் டிங்கரிடம் ஒன்று செய்விக்கலாம். ஒயில் நட்டுக்கு நேரே துளை விடச் சொல்லுங்கள், அப்போதுதான் அடுத்த முறை யாரும் அதைக் கழற்றி எறிய மாட்டார்கள்.

ரேடியேற்றரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு. காலம் போகப் போகப் பழுப்பாகி, பச்சை கலந்த மண்நிறத்துக்கு வந்தால் அது வெடிப்பதற்கு நாள் எண்ணுகிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் படியும். வடித்த நீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி, மொத்தம் 6 லீற்றர். காரின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஏற்றும் டேபோ போடும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த எஞ்சின் குறுக்காகப் பூட்டும் கார்களுக்காகப் பிறந்தது. ரோட்ஸ்டருக்காகத் தண்ணீர் வெளியேறும் வாயை முன்னுக்குக் கொண்டுவந்ததால் பின்னால் இருக்கும் நாலாம் சிலிண்டருக்குத் தண்ணீரோட்டம் குறைவு. தண்ணீர்ப் பாதையைத் திருத்தாமல் டேபோ போட்டால் முதலில் நோகப்போவது அந்தச் சிலிண்டர்.

திறந்த கோன் பில்டர் சத்தம் மட்டும்தான் தரும். பொனற்றுக்குள் 60 பாகை, வெளியே 34 என்றால், உள்ளிருந்து இழுக்கும் காற்று சுமார் 8 சதவீதம் ஐதானது. அந்தளவுக்கு வலுவும் குறையும். ஆடி, ஆவணித் தூசியில் வேறு கேடும் உண்டு. 1.6 எஞ்சினின் காற்றுமானியில் ஒரு கதவு அசைந்து அளக்கிறது. பில்டரின் ஒயிலும் செந்தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி அதில் படிந்தால் கதவு சிக்கும், ஐடில் துள்ளும். கம்பனிப் பெட்டியில் நல்ல கடதாசிப் பில்டர் போட்டு, வறண்ட மாதங்களில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பெட்டிக்குள், பில்டருக்கு அப்பால், விரலில் செம்மண் ஒட்டினால் விளிம்பு மூடவில்லை.

துணிக்கூரையின் வடிகால்

ஆசனத்துக்குப் பின்னால், கூரை மடியும் இரு மூலைகளிலும், மழைநீர் இறங்கும் துளைகள் இருக்கின்றன. புளிய மரத்துக்குக் கீழே நிறுத்தும் கார்களுக்கு இதுதான் யமன். அந்தச் சின்ன இலைகள் துளைக்குள் இறங்கிச் சேறாகும். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே தேங்கி, பக்கச் சட்டத்துக்குள் நின்று, பெயின்ற்றுக்கு அடியில் இருந்து உக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது. அரை லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், அடியில், உடனே கொட்ட வேண்டும். தயங்கினால் நீளக் கேபிள் டையால் குத்தி விடுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் கிழிக்கும். பெயின்ற் அடிப்பதற்கு முன் இதைப் பார்க்காமல் விட்டால் அடித்த பெயின்ற் இரண்டு மாரி தாண்டாது.

பற்றரி பின்டிக்கிக்குள் இருப்பதால் சாதாரண அமிலப் பற்றரியை அப்படியே வைக்கக் கூடாது. வெளியேறும் வாயு தகட்டை அரிக்கும், தீப்பொறியும் பிடிக்கும். அடைத்த வகையாக இருக்க வேண்டும், வாயுக் குழாய் வெளியே போக வேண்டும். புது வயர் எது இழுத்தாலும் பற்றரிக்குக் கிட்ட பியூஸ் போடுங்கள், எலி கடித்தாலும் கார் எரியாது.

நிறத்தை மாற்றினாலோ எஞ்சினை மாற்றினாலோ பதிவுச் சான்றிதழையும் காப்புறுதியையும் திருத்துவதைப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரை வெட்டி எடுத்தவர்கள் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் திரும்பப் பூட்டத்தான் ஓடுகிறார்கள்.

எந்த வேலை முடிந்தாலும் முதல் ஓட்டம் விடியற்காலையில் இருக்கட்டும். மாடுகள் வீதியில் படுத்திருக்கும் இரவில் வேண்டாம். வவுனியாவிலிருந்து புறப்பட்டால் ஓமந்தையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவையும் புறங்கையால் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பக்கப் பிரேக் பிடித்திருக்கிறது. வீடு திரும்பி, சக்கரங்கள் ஆறிய பிறகு, நட்டுகளை இன்னொருமுறை டோர்க் ஸ்பனரால் இறுக்குங்கள்.