ஸ்கார்பியோ-என்னா, ஹைரைடர் ஹைப்ரிட்டா? நம்ம ஊருக்குக் குடும்ப வண்டி தேர்ந்தெடுக்கும் முறை

போன ஆடி மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து மச்சான் போன் போட்டான். "மாமா, ரெண்டே வண்டிதான் மனசுல இருக்கு. ஒண்ணு மஹிந்திரா ஸ்கார்பியோ-என் டீசல், இன்னொண்ணு டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட். நீங்க ஒண்ணைச் சொல்லுங்க, புக் பண்ணிடறேன்." ஆடியில் வண்டி எடுக்க அவன் அம்மா விடமாட்டார் என்பதால் யோசிக்க ஒரு மாதம் முழுசாகக் கிடைத்தது. அந்த மாதத்தில் நாங்கள் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் முறை கார் வாங்குகிறவர்கள் அப்படியே பின்பற்றலாம், வண்டிப் பெயர்களை மட்டும் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் எஸ்யூவி என்றுதான் விற்கிறார்கள், ஆனால் இரண்டும் ஒரே ரகம் இல்லை. ஸ்கார்பியோ-என் லாரி மாதிரி தனி சேசிஸ் மேல் உடம்பை உட்கார வைத்த வண்டி, பின் சக்கரம் இழுக்கும், ஆறு அல்லது ஏழு பேர் உட்காரலாம். ஹைரைடர் ஐந்து பேருக்கான, கார் மாதிரி கட்டிய வண்டி. பெட்ரோல் இன்ஜினும் ஒரு மின் மோட்டாரும் மாறி மாறியும் சேர்ந்தும் இழுக்கும், சார்ஜ் போடும் வேலையெல்லாம் கிடையாது, ஓடும்போதே பேட்டரி தானாக நிரம்பிக்கொள்ளும். அதனால் "எது நல்ல வண்டி" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

படி 1: ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு நோட்டு எடுங்கள்

போன வருஷம் எங்கெங்கே போனீர்கள், எத்தனை பேர் போனீர்கள் என்று எழுதுங்கள். ஞாபகம் வராது, தெரியும். பாஸ்டேக் ஸ்டேட்மென்டைத் திறந்தால் எந்தத் தேதியில் எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டினீர்கள் என்று வரிசையாக இருக்கும், அதை வைத்தே பாதிப் பயணங்கள் நினைவுக்கு வந்துவிடும்.

மச்சான் வீட்டில் ஆறு பேர்: அவன், மனைவி, எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. ஆறு பேர் என்றதுமே ஏழு சீட்டுதான் என்று அவன் முடிவே கட்டியிருந்தான். நோட்டில் எழுதிப் பார்த்தால், வாரம் மூன்று நாள் அவன் ஒருத்தன் மட்டும் ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறான், போக வர நூறு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் மாந்தோப்புக்கு அப்பாவும் அவனும். பிள்ளைகளோடு நாலு பேராகப் போனது நிறைய. ஆறு பேரும் ஒன்றாக ஏறியது வருஷத்துக்கே ஒன்பது தடவை. அதில் மூன்று கல்யாணம், ஒன்று தீர்த்தமலை, ஒன்று ஒகேனக்கல்.

ஒன்பது என்று பார்த்ததும் அவனே கொஞ்ச நேரம் பேசவில்லை.

படி 2: வாசலில் சாக்பீஸ் கோடு போடுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கார்பியோ-என் நீளம் 4,662 மில்லிமீட்டர், அகலம் 1,917. ஹைரைடர் நீளம் 4,365, அகலம் 1,795. காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. இன்ச் டேப்பும் சாக்பீஸும் எடுத்து, வண்டி நிற்கப்போகும் இடத்தில் இரண்டு வண்டிக்கும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டம் வரையுங்கள். நீளத்தில் கிட்டத்தட்ட ஒரு அடி வித்தியாசம், அகலத்தில் ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிகள் அந்த அகலத்தில் சேராது, அதற்கும் இரண்டு பக்கமும் இடம் விடுங்கள்.

அப்புறம் கதவு. ஸ்கார்பியோ-என்னின் பின்கதவு வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும், மேலே தூக்குகிற மாதிரி இல்லை. பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் டிக்கியைத் திறக்கவே முடியாது. மச்சான் வீட்டு ஷெட்டில் பின்னால் தண்ணீர்த் தொட்டி. சாக்பீஸ் கட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. சாமான் இறக்க ஒவ்வொரு தடவையும் வண்டியை முன்னால் எடுத்து நிறுத்த வேண்டும். அவன் சமாளிச்சுக்கலாம் மாமா என்றான். அவன் மனைவி ஒன்றும் சொல்லாமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அரிசிச் சிப்பம் இறக்குவது யார் வேலை என்று அவளுக்குத் தெரியும்.

தர்மபுரியில் குமாரசாமிப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருவில் இருக்கிறவர்கள், வீட்டு வாசலை மட்டும் அளக்காமல் தெரு திரும்பும் முனையையும் அளந்து பார்ப்பது நல்லது.

படி 3: டெஸ்ட் டிரைவுக்கு முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப் போங்கள்

ஓட்டப்போகிறவர் மட்டும் போய் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்தால் அது டெஸ்ட் டிரைவே இல்லை. மச்சானின் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். புடவை கட்டிக்கொண்டு ஸ்கார்பியோ-என்னில் ஏறச் சொன்னோம். முதல் தடவை பக்கப் படியில் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டார், சேல்ஸ்மேன் தம்பி "பாத்தீங்களாம்மா, ஈஸி" என்றான். இறங்கி மறுபடி ஏறச் சொன்னேன். மூன்றாவது தடவை இடது காலை வைத்துவிட்டு வலது காலைத் தூக்க முடியாமல் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். ஹைரைடரில் உட்கார்ந்த மாதிரியே பக்கவாட்டில் திரும்பி இறங்கினார். மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்வதுதான் விஷயம், கோயில், ஆஸ்பத்திரி, டீக்கடை என்று ஒரே நாளில் அத்தனை தடவை நடக்கும்.

மூன்றாவது வரிசை சீட்டையும் பெரியவர் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள், பிள்ளையை மட்டும் உட்கார வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வரிசையை நிமிர்த்தி வைத்தால் ஸ்கார்பியோ-என்னில் சாமானுக்கு மிச்சம் இருப்பது ஒரு கைப்பிடி இடம்தான். ஆறு பேர் போகலாம் அல்லது பெட்டிகள் போகலாம், இரண்டும் வேண்டுமென்றால் மேலே கேரியர் போட வேண்டியிருக்கும். மடித்துவிட்டால் நல்ல இடம். ஹைரைடர் ஹைப்ரிட்டிலும் ஒரு குறை உண்டு, பேட்டரி டிக்கிக்கு அடியில் இருப்பதால் தரை மேலே ஏறி, அதே வண்டியின் சாதா மாடலைவிட டிக்கி ஆழம் குறைந்துபோயிருக்கும். நாங்கள் வீட்டிலிருந்தே காலி தக்காளிப் பெட்டி இரண்டும் ஒரு பெரிய சூட்கேஸும் எடுத்துப்போய் வைத்துப் பார்த்தோம். ஷோரூமில் எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

படி 4: ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்

ஒரு ஷோரூமில் கலெக்டர் ஆபீஸ் வரை போய்த் திரும்பினால் போதும் என்றார்கள். இரண்டு இடத்திலும் கெஞ்சிக் கேட்டு, வார நாளில் தொப்பூர் வரை போக அனுமதி வாங்கினோம். நம் பக்கத்தில் வண்டியின் குணம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கணவாயைவிட நல்ல இடம் இல்லை.

சேலம் பக்கமிருந்து தர்மபுரிக்கு ஏறும்போது ஐந்து பேரோடு ஏசியும் போட்டு ஏறினோம். ஸ்கார்பியோ-என் டீசலின் 175 பிஎஸ் (குதிரைத்திறன்) இன்ஜின், ஆட்டோமேட்டிக்கில் 400 நியூட்டன் மீட்டர் இழுவை தரும். லாரியைத் தாண்டுவதற்குக் காலை லேசாக அழுத்தினாலே போதும், சத்தமே கூடவில்லை. ஹைரைடரில் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்தே சுமார் 115 பிஎஸ்தான். ஏறிவிடுகிறது, ஆனால் அழுத்தினால் மூன்று சிலிண்டர் இன்ஜின் மிக்ஸி மாதிரி கத்துகிறது, வேகம் அதற்கப்புறம்தான் வருகிறது. ஓவர்டேக் பண்ண முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

இறங்கும்போது கதை வேறு. தர்மபுரியிலிருந்து தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளை நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹைரைடர் ஹைப்ரிட்டில் கியர் லீவரை 'B' என்ற நிலைக்கு இழுத்தால் வண்டியே தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஆனால் பேட்டரி 0.76 கிலோவாட் மணிதான், நீளமான இறக்கத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும், அதற்குமேல் இன்ஜினைச் சுற்றவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்கும். அப்போது இன்ஜின் திடீரென்று சத்தம் போடும், பயப்படாதீர்கள், அது பழுது இல்லை. ஸ்கார்பியோ-என்னில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

தோப்பு, காட்டுப் பாதைக்கு ஒரு வார்த்தை. ஸ்கார்பியோ-என்னில் நாலு சக்கரமும் இழுக்கும் மாடல் டீசலில் மட்டும்தான் உண்டு. ஹைரைடரிலும் அப்படி ஒரு மாடல் இருக்கிறது, ஆனால் மைலேஜ் தருகிற ஹைப்ரிட்டில் அது வராது. சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் உள்ளே வீடு வைத்திருக்கிறவர்கள், மழைக்காலத்தில் மண் பாதையில் தினம் போகிறவர்கள், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஸ்கார்பியோ-என்னை எடுத்துக்கொள்ளலாம், உங்களுக்கு இரண்டாவது யோசனையே தேவையில்லை.

படி 5: எரிபொருள் கணக்கை நீங்களே போடுங்கள்

ஹைரைடர் ஹைப்ரிட்டுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. நாங்கள் 20 என்று வைத்துக்கொண்டோம், ஸ்கார்பியோ-என் டீசலுக்கு 13. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் ஹைரைடருக்கு 76,500 ரூபாய், ஸ்கார்பியோவுக்கு சுமார் 1,07,300. வித்தியாசம் 30,800, மாதத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேல். ஆறு பேரும் போகிற நாட்களில் நாலைந்து நாளைக்கு இன்னோவா வாடகைக்கு எடுக்க அது போதும். வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்கிறவருக்கு இந்த வித்தியாசம் பத்தாயிரமாகச் சுருங்கிவிடும், அதற்காக ஹைப்ரிட் வாங்க வேண்டாம்.

ஹைப்ரிட்டின் லாபம் நின்று நின்று போகிற இடத்தில்தான் அதிகம். அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் மோட்டாரே இழுத்துவிடும், நான்கு வழிச்சாலையில் நூறில் பறந்தால் அந்த லாபம் குறைந்துவிடும். டீசலுக்கு நேர் எதிர். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி, வண்டி கொஞ்ச தூரம் சூடாக ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஸ்கூலுக்கு இரண்டு கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும்.

ஹைப்ரிட் பேட்டரி போனால் என்ன செய்வது என்று மாமனார் கேட்டார். அதற்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி இருக்கிறது, எது முதலில் வருகிறதோ அது.

படி 6: விலைப் பட்டியலைக் கையில் வாங்குங்கள்

ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள், சாலையில் இறங்கும் விலையை எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 19.9 லட்ச வண்டிக்கும் 20.1 லட்ச வண்டிக்கும் விலை வித்தியாசம் இருபதாயிரம், வரி வித்தியாசம் மட்டும் சுமார் 44 ஆயிரம். சன்ரூஃப் ஆசையில் ஒரு மாடல் மேலே போகும் முன் இதைப் பாருங்கள்.

ஜிஎஸ்டியில் முன்பு ஹைப்ரிட்டுக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது, 43 சதவீதம். பெரிய எஸ்யூவிக்கு 50. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஒரே 40. அதற்கு முந்தைய விலையை வைத்து எழுதிய ஒப்பீடுகளை நம்ப வேண்டாம். பட்டியலில் டிசிஎஸ் (விற்கிறவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) என்று 1 சதவீதம் இருக்கும், அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும். இன்சூரன்ஸை அவர்களிடமே போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வெளியில் ஒரு விலை கேட்டுவிட்டுப் போனால் அங்கேயே குறைப்பார்கள்.

படி 7: பிள்ளைகள்

பாதுகாப்பு நட்சத்திரத்தில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஸ்கார்பியோ-என்னுக்குப் பெரியவர்களுக்கு 5, பிள்ளைகளுக்கு 3. அதே வண்டிக்கு ஆஸ்திரேலியாவின் சோதனையில் பூஜ்யம், காரணம் அங்கே தானாக பிரேக் பிடிப்பது மாதிரியான வசதிகளையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். நீங்கள் எடுக்கப்போகும் மாடலில் அது இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குழந்தை சீட் மாட்டும் கொக்கி எந்தெந்த சீட்டில் இருக்கிறது என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

படி 8: டெலிவரி நாள்

மச்சான் கடைசியில் ஹைரைடர் ஹைப்ரிட்தான் எடுத்தான், ஆவணியில். பகல் வெளிச்சத்தில் போய் எடுங்கள், சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் கீறல் தெரியாது. பூஜை, மாலை, போட்டோ எல்லாம் அப்புறம். முதலில் வண்டி தயாரான மாதம், சேசிஸ் நம்பர் பில்லோடு ஒத்துப்போகிறதா, டயரில் அச்சடித்த வாரமும் வருஷமும், ஓடோமீட்டரில் எவ்வளவு, இரண்டு சாவியும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முகவரி கிருஷ்ணகிரி என்றால் டிஎன் 24 வர வேண்டும், ஓசூர் டிஎன் 70, தர்மபுரி டிஎன் 29. ஆதாரில் பழைய முகவரி இருந்தால் புக்கிங்குக்கு முன்பே மாற்றிவிடுங்கள், மச்சானுக்கு அதிலேயே பத்து நாள் போனது.