நெட் இல்லாத கணினிக்கு மென்பொருள் கொண்டுபோகும்போது

பென்டிரைவை வீட்டிலேயே மறப்பது, 32 பிட் கணினிக்கு 64 பிட் கோப்பை எடுத்துப்போவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானே புத்தி வரும். புதிதாக வந்த பிள்ளைகள் ஒரு மலையூர்ப் பள்ளியின் உபுண்டு (லினக்ஸ்) கணினிகளில் டக்ஸ் பெயின்ட் என்ற படம் வரையும் மென்பொருளைப் போடப் போய், எங்கள் தலைமுறை அடித்த அதே கூத்தை அடித்துவிட்டு வந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சொந்த லேப்டாப்பில் இறக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. உபுண்டுவில் மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட்-கெட்டில் 'டவுன்லோட்-ஒன்லி' கொடுத்தால் டெப் கோப்புகள் (நிறுவும் பொட்டலங்கள்) நிறுவாமல் இறங்க மட்டும் செய்யும், அதை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ஆப்ட் கணக்குப் பார்ப்பது அது ஓடும் கணினியை வைத்து. அதில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களை, அதாவது மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்புகளை, மறுபடி இறக்காது. அந்த லேப்டாப்பில் ஏதோ விளையாட்டுக்காகப் போட்ட எஸ்.டி.எல். நூலகங்கள் இருந்தன, பள்ளியில் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போனவர்களிடம், டெப் கோப்பை நிறுவும் டிபிகேஜி கட்டளை 'அது இல்லை, இது இல்லை' என்று அடுக்கியது. மேலே செல்போன் சிக்னலும் கிடையாது.

அதோடு விட்டார்களா? ஒருவர் 'ஃபோர்ஸ்' கொடுத்து, இல்லாததைப் பொருட்படுத்தாமல் நிறுவினார். டக்ஸ் பெயின்ட் திறக்கவில்லை. அப்புறம் ஆப்ட்டும், உடைந்ததை முதலில் சரிசெய் என்று வேறெதையும் நிறுவ மறுத்தது.

பள்ளியில் போட்ட அதே ஐ.எஸ்.ஓ.வை (உபுண்டு நிறுவும் கோப்பை) ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது லேப்டாப்புக்குள் ஓடும் பொய்க் கணினியில், புதிதாக ஏற்றி, அதற்குள் இறக்குங்கள். 'மினிமல்' தேர்ந்தெடுங்கள், நாலு கோப்பு கூடுதலாக இறங்கினால் நஷ்டமில்லை. பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் போதும், மென்பொருள்களையே புதுப்பிக்கும் அப்கிரேடு வேண்டாம்: புதுப்பித்த நூலகங்களும் 'ஏற்கெனவே இருக்கிறது' கணக்கில் போய்விடும். பதிப்பு மாறினாலும் வம்பு. எல்லா மென்பொருளும் நம்பியிருக்கும் ஜிலிப்சி நூலகம் உபுண்டு 24.04-இல் 2.39, 22.04-இல் 2.35; 24.04-இல் இறக்கியது 22.04-இல் பெரும்பாலும் ஏறாது. கடைசியாக இன்னொரு புது மெஷினில் நெட்டைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் மலை இறங்கி வந்து போன் செய்கிறார்கள்.

ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி பள்ளிக் கணினி, நெட் உள்ள கணினி இரண்டிலும் இருந்தால், என்ன வேண்டும் என்று பள்ளிக் கணினியே கோப்பில் எழுதித் தரும். நல்ல வழிதான், ஆனால் இரண்டு தடவை மலை ஏற வேண்டும்.

விண்டோஸின் குட்டி இன்ஸ்டாலர்

குரோமின் சாதாரண இன்ஸ்டாலர் வெறும் தூதுவன்; மீதியை நெட்டிலிருந்துதான் இழுக்கும். ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தனியாக இருக்கிறது. சில பழைய மென்பொருள்களுக்குத் தேவையான டாட்நெட் 3.5-ஐக் கேட்டால், விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வில் சோர்சஸுக்குள் இருக்கும் எஸ்.எக்ஸ்.எஸ். ஃபோல்டரை, விண்டோஸின் அம்சங்களைச் சேர்க்கும் டிஸ்ம் கட்டளைக்குக் காட்டுங்கள்.

ஃபேட்32 பென்டிரைவ்

ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜி.பி.யைத் தாண்டிய கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

காப்பியைச் சரிபார்க்காதது

கோப்பு பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் ஷா256 கணக்கைப் பென்டிரைவில் உள்ள கோப்புக்கே ஓட்டுங்கள், லேப்டாப்பில் உள்ளதற்கு அல்ல.