கத்தோலிக்கக் கோவில் பங்கில் ஆர்வத்தோடு இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில நாள் ஒதுங்கிச் செபிக்கும் தியானம் முடிந்து வீடு திரும்பிய முதல் மாதம்தான் கவனிக்க வேண்டிய மாதம். அதுவரை ஞாயிறு திருப்பலியில் (பூசையில்) வாசலோரம் நின்றுவிட்டுப் போனவர் முன்வரிசைக்கு வருவார். பாடகர் குழுவில் பெயர் கொடுப்பார். மறைக்கல்விக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு வந்ததும் கை தூக்குவார். நல்லதுதான். ஆனால் இப்படி வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மட்டும் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை.

தாமதமாக வருவது, கைபேசியை அணைக்காமல் விடுவது, இறுதி ஆசீருக்கு முன்பே கிளம்புவது ஆகியவற்றைப் பங்கு அறிவிப்புகள் பார்த்துக்கொள்ளும். பக்தி என்ற பெயரில் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

செபத்தை மொத்தமாகத் தொடங்குவது

முதல் வாரம் முழுச் செபமாலை, இரண்டு நவநாள் (ஒன்பது நாள் செபம்), விவிலியத்தில் நான்கு அதிகாரம். மூன்றாவது வாரம் ஒன்றுமே இல்லை. விட்டுப்போன குற்றவுணர்வில் ஞாயிறு திருப்பலியும் ஆட்டம் காணும்.

பத்து நிமிடம் போதும். ஒரே நேரம், ஒரே இடம். வியாழக்கிழமையே வரும் ஞாயிறின் நற்செய்தியை எடுத்து ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். வெள்ளியன்று மனதில் தைத்த ஒரு வரியோடு இருங்கள். சனியன்று, இந்த வாரம் யாரிடம் என்ன செய்யச் சொல்கிறது அந்த வரி என்று கேளுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன: முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. இப்படிப் படித்து வந்தால் மூன்று ஆண்டில் மூன்று நற்செய்திகளின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மறையுரை (குருவின் பிரசங்கம்) சரியாக அமையாத ஞாயிறிலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. இரண்டு மாதம் இது நிலைத்த பிறகு அடுத்ததைச் சேருங்கள்.

நற்கருணை நோன்பைத் தவறாகக் கணக்கிடுவது

திருப்பலியில் நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்குமுன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருப்பதுதான் இந்த நோன்பு. அந்த ஒரு மணி நேரத்தை நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல (திருச்சபைச் சட்டம் 919). தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிக்காது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் விலக்கு உண்டு.

பங்கு வேலைகளின் எண்ணிக்கையைச் சீடத்துவம் என்று நினைப்பது

விலை அதிகம் கொடுக்க வைக்கும் தவறு இது. எத்தனை பேரை எச்சரித்தாலும் அடுத்தவர் அதே வழியில் நடப்பதைப் பார்க்கையில் எரிச்சல்தான் வருகிறது.

நடப்பது இப்படித்தான். ஒருவர் ஒரு வேலைக்குச் சரி என்கிறார். அதை நன்றாகச் செய்கிறார். நன்றாகச் செய்பவரிடம்தான் அடுத்த வேலையும் வரும். ஆறு மாதத்தில் அவர் பாடகர், வாசகர், அன்பியச் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவின்) செயலர், மறைக்கல்வி ஆசிரியர், போதாதற்கு மரியாயின் சேனை என்ற பக்தி இயக்கத்திலும் உறுப்பினர். பங்குத்தந்தையருக்கும் இதில் பங்குண்டு. புதிதாக ஒருவரைத் தேடிப் பழக்குவதைவிட, மறுக்கத் தெரியாதவரிடம் இன்னொன்றைக் கொடுப்பது அவர்களுக்கு எளிது.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாடகர் குழுவுக்கு வாரம் இரண்டு மணி நேர ஒத்திகை, ஞாயிறன்று அரை மணி முன்னதாக வருகை. மறைக்கல்வி வகுப்பு ஒரு மணி நேரம் என்றால், யோக்கியமாகத் தயாரிக்க இன்னொரு மணி நேரம். மரியாயின் சேனையில் வாரக் கூட்டம் போக, இரண்டு மணி நேரக் களப்பணி உறுப்பினரின் கடமை. அன்பியக் கூட்டமும் அதற்கான அலைச்சலும் தனி. வாரத்துக்குப் பத்து மணி நேரம் சாதாரணமாகத் தாண்டும். வேலைக்குப் போகிற, பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு இந்த நேரம் வானத்திலிருந்து விழாது. வீட்டில் இருப்பவர்களிடமிருந்துதான் எடுக்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் அவர்களைக் கேட்காமலே.

உடம்பு களைப்பதற்கு முன்பே திருப்பலி கெட்டுப்போகும். நற்செய்தி வாசிக்கப்படும்போது பாடகர் அடுத்த பாட்டின் பக்கத்தைப் புரட்டுகிறார். குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது ஒருங்கிணைப்பாளரின் கண் காணிக்கைப் பையைத் தேடுகிறது. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கோவிலில் இருந்தும் ஒரு நிமிடம்கூடச் செபிக்காமல் வீடு திரும்ப முடியும். மார்த்தாவை இயேசு கடிந்துகொண்டது (லூக்கா 10:38-42) அவள் பணிவிடை செய்தாள் என்பதற்காக அல்ல. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்கினாள் என்பதற்காக.

அடுத்து வருவது உரிமை கொண்டாடுதல். மூன்றாம் ஆண்டில் அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். பாட ஆசைப்பட்டு வரும் இளம்பெண்ணிடம், “கொஞ்ச நாள் பொறும்மா” என்பார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே முடியாது. புதிய பங்குத்தந்தை பொறுப்புகளை மாற்றினால் அது தனிப்பட்ட அவமானம் ஆகிவிடும். அப்போது அவர் பொறுப்பை மட்டும் விடுவதில்லை, திருப்பலியையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். விசுவாசம் முழுவதும் அந்த ஒரு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு கோவில் வளாகத்துக்கு வெளியே. சக்ரீஸ்தியில் (குரு உடை மாற்றும் அறையில்) தேனாகப் பேசுபவர் வீட்டு வேலைக்காரருக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கிறார், அலுவலகத்தில் பொய் ரசீதுக்குக் கையெழுத்துப் போடுகிறார். யாரும் அதை அவருடைய சீடத்துவத்தோடு பொருத்திப் பார்ப்பதில்லை, அவருமே பார்ப்பதில்லை. திருச்சபை பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு (1964) 31-ஆம் எண்ணில், உலகக் காரியங்களில் ஈடுபட்டு அவற்றைக் கடவுளின் திட்டப்படி ஒழுங்குபடுத்துவதே பொதுநிலையினரின் (குருக்களும் துறவியரும் அல்லாதவர்களின்) தனி அழைப்பு என்கிறது. 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பொதுநிலையினரைப் பற்றி எழுதிய ஊக்கவுரையின் தொடக்கத்திலேயே இரண்டு சோதனைகளைச் சுட்டிக்காட்டுகிறார். கோவில் பணிகளில் மூழ்கித் தொழில், சமூகம், அரசியல் ஆகியவற்றில் உள்ள பொறுப்பைக் கைவிடுவது ஒன்று. விசுவாசத்தையும் வாழ்க்கையையும் பிரித்து வைப்பது மற்றொன்று. பொறுப்புகளைக் குவிப்பவர் இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுகிறார்.

செய்ய வேண்டியது இது. கோவிலுக்குள் ஒரு பொறுப்பு, வெளியே ஒரு பொறுப்பு. படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதும் வெளிப்பொறுப்புதான், அதற்கு அடையாள அட்டை தேவையில்லை. ஒப்புக்கொள்வதற்கு முன் கணவரிடம் அல்லது மனைவியிடம் கேளுங்கள். முதல் மூன்று மாதம் முன்னோட்டம் என்று சொல்லியே சேருங்கள். மூன்று ஆண்டு முடிந்தால் இறங்குவேன் என்று முதல் நாளே அறிவித்து, இரண்டாம் ஆண்டிலிருந்து ஒருவரைப் பழக்குங்கள். மாதத்தில் ஒரு திருப்பலியிலாவது எந்த வேலையும் இல்லாமல் மக்களோடு மக்களாக உட்காருங்கள். மூன்றாவது பொறுப்பு தேடி வந்தால், “இதை எடுத்தால் எதை விடட்டும், ஃபாதர்?” என்று கேளுங்கள். மறுப்பதைவிட அது மரியாதையானது, அவரையும் யோசிக்க வைக்கும்.

வாசக மேடையில் ஏறியதும்

வாசக நூலில் தலைப்பாகச் சிவப்பில் இருக்கும் சுருக்க வரி வாசிப்பதற்கல்ல. “முதல் வாசகம்” என்று சொல்லத் தேவையில்லை. நூலின் பெயரிலிருந்து தொடங்குங்கள். கடைசி வரி முடிந்ததும் இரண்டு மூச்சு நிறுத்தி, பிறகு “ஆண்டவரின் அருள்வாக்கு” என்று சொல்லுங்கள். வாசகத்தின் வரியோடு அதை ஒட்டிச் சொன்னால் மக்கள் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். பெயர்ச்சொற்களை மேடையில் முதன்முறையாகச் சந்திக்கக் கூடாது. முந்தைய வாரமே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பாடகர் குழுவுக்கு ஒரு வார்த்தை: முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் விவிலியத்தின் திருப்பாடலாகவே இருக்க வேண்டும். அதன் இடத்தில் பிடித்த பக்திப் பாட்டைப் போடத் திருப்பலி நூலின் விதிமுறை இடம் தரவில்லை.

பரிசு கொடுப்பவரை ஞானப்பெற்றோர் ஆக்குவது

திருமுழுக்கில் பிள்ளைக்காக நிற்கும் ஞானப்பெற்றோருக்குச் சட்டம் கேட்பது இதுதான்: பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவர், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவர், விசுவாசத்துக்கேற்ப வாழ்பவர் (சட்டம் 874). வசதியைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கதை சொல்வது

குருவிடம் பாவங்களை அறிக்கையிடப் போனால் கணவரின் கோபம், மாமியாரின் குணம், அண்ணனின் பேராசை எல்லாம் வரும். சொந்தப் பாவம் கடைசி நிமிடத்தில் வரும். கனமான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்கிறது சட்டம் 988. கடைசியாக எப்போது செய்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, சொல்லக் கூசுகிற பாவத்தையே முதலில் சொல்லுங்கள். புனித வார நெரிசலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

குறையைத் தவறான காதில் போடுவது

மத்தேயு 18:15-17 வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, அதன் பிறகே திருச்சபையிடம். பங்குகளில் நடப்பது தலைகீழ். முதலில் வாட்ஸ்அப் குழு, கடைசியில் சம்பந்தப்பட்டவர், சில நேரம் அவருக்குக் கடைசியிலும் தெரியாது. “உண்மையைத்தானே சொன்னேன்” என்பது காப்பாற்றாது. தக்க காரணமின்றி ஒருவரின் குறையை அறியாதவர்களிடம் வெளியிடுவது, சொன்னது உண்மையாகவே இருந்தாலும் பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2477-ஆம் எண்ணில் சொல்கிறது.

பங்குத்தந்தையிடம் கருத்தைத் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட (சட்டம் 212). ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், நீங்கள் என்ன கேட்கிறீர்கள். கையெழுத்திடாத கடிதம் குப்பைக்குத்தான் போகும்.

ஒன்றை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். சிறார்மீதான பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் ‘தனியாகப் பேசிப் பார்ப்பது’ கிடையாது. உடனே காவல்துறையிடமும் மறைமாவட்டத்திடமும் போக வேண்டும்.

காணிக்கைப் பணத்தை நம்பிக்கையில் விடுவது

பங்குப் பேரவை ஆலோசனை மட்டுமே வழங்கும் (சட்டம் 536). அதில் வாக்கெடுத்து வென்றோம் என்று சண்டை போடுவதில் பயனில்லை. நிதிக்குழு வேறு. ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தே ஆக வேண்டும் (சட்டம் 537). அதில் பெயருக்கு உட்காருவதுதான் தவறு. ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர் காணிக்கையை அன்றைக்கே, ஒரே மேசையில் எண்ண வேண்டும். பணம் அந்த அறையை விட்டுப் போவதற்கு முன் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். யாரையும் சந்தேகப்படுவதற்கான ஏற்பாடு அல்ல இது, நாளைக்கு யார்மீதும் சந்தேகம் வராமல் இருப்பதற்கானது.

குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் (சட்டம் 1267 §3). கூரைக்கென்று வாங்கிய பணத்தில் ஒலிபெருக்கி வாங்கிவிட்டுப் பிறகு சரிக்கட்டலாம் என்று பேச்சு வந்தால், அந்தக் கூட்டத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள், குறிப்பேட்டில் அதைப் பதியவும் வையுங்கள். ஒலிபெருக்கி தேவைதான் என்றால் அதற்கென்று தனிக் காணிக்கை எடுக்கலாம்.